மூன்றாவது ஓரகத்தி

படுக்கை விரிப்பைத் தனி ஆளாகவே மடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் தன் வீட்டுக் கட்டிலுக்கு மட்டும் மடித்தவர் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுக்கும் மூட்டை மூட்டையாகத் துவைத்துக் கொடுக்கிற லாண்டரியில் அந்தப் பேச்சே எடுபடாது. இஸ்திரி போடுகிற ரோலருக்குள் ஈரமாக நுழைகிற விரிப்பு மறுபக்கம் சுடச்சுட வெளியே வரும். அது தரையைத் தொடுவதற்குள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்தாக வேண்டும். பிடித்ததும் பின்னால் சாய்ந்து ஓர் இழுப்பு. அதில் சுருக்கம் போய்விடும். பிறகு பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருத்தி கையில் இருப்பதை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். நாள் முழுக்க இதே போக்குவரத்துதான். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, இரண்டு பொம்பளைகள் ஓயாமல் எதையோ பேசி முடிவுக்கு வராமல் திரும்பித் திரும்பி வருவது போல இருக்கும்.

அந்த லாண்டரியில் இந்த வேலைக்குப் பேர் போன ஜோடி ஒரே வீட்டு ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். வீட்டில் கூப்பிட்ட பேரே வேலை இடத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பெரியவளின் வாய் ரோலரைவிடச் சூடு. சூப்பர்வைசரே அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வார். சின்னவள் அதற்கு நேரெதிர், சிரித்தே காரியத்தை முடித்துக்கொள்கிறவள். ஆனால் விரிப்பின் முனையைப் பிடித்துவிட்டால் அவள் இழுக்கிற இழுப்பில் பெரியவளே ஓரடி முன்னால் வந்து விழப் பார்ப்பாள். "என்னை இழுத்துப் போட்டுட்டு வீட்டைப் பூரா எடுத்துக்கலாம்னு பாக்கறியா?" என்று பெரியவள் திட்டுவாள். அதற்கும் சின்னவள் சிரிப்பாள்.

இது சின்னவளுக்குக் குழந்தை பிறப்பதற்கு முன்னால்.

பெண் குழந்தை, நல்ல எடை, சுகப் பிரசவம். குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பால் புட்டியை அவர் பிடிக்கிற லாவகத்தைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். புருஷன் லாண்டரியின் வேன் ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான், ஆனால் வேனை நிறுத்திவிட்டு வந்ததும் குழந்தையின் துணிகளை அவனே அலசிப் போட்டுவிடுவான். இப்படி எல்லாம் அமைந்த ஒருத்திக்கு என்ன குறை என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. சின்னவளிடமும் இல்லை. அதனால்தான் அவள் வாயே திறக்கவில்லை.

சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. சின்னவளுக்குச் செத்துப்போய்விடலாம் போல இருந்தது. குழந்தை அழுதால், இது தப்பான தாயிடம் வந்து மாட்டிக்கொண்டதே என்று நினைப்பாள். சிரித்தால், ஏமாந்து சிரிக்கிறதே என்று நினைப்பாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. தான் இல்லாவிட்டால் இந்த வீடு எவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பாள். மாமனார் இருக்கிறார், பெரியவள் இருக்கிறாள். போடப் போட அந்தக் கணக்கு சரியாகவே வந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே முதல் பதிலை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. டீ குடிக்கிறீர்களா என்றால் வந்தவர் வேண்டாம் என்பார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுப்பில் தண்ணீர் வைப்பார்கள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பதுதான் பதில், பட்டினி கிடந்தாலும் அதுதான் பதில். கேட்டவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டை எடுத்து வைப்பார். முதல் தடவை மறுப்பது மரியாதை. உண்மை வெளியே வர இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ ஆகும். சின்னவளும் பிறந்த வீட்டில் இப்படித்தான் வளர்ந்தவள். ஆகவே யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை, அந்தப் போன் வரும்வரை.

போன் என்றால் போன் இல்லை, அதற்குள் இருக்கிற ஏஐ ஆப், நாம் எழுதினால் மெஷினே பதில் எழுதும். மனைவி முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்துப் புருஷன்தான் போட்டுக் கொடுத்தான். கூட வேலை செய்கிற டிரைவர் ஒருவர் சொன்னாராம், மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் அதனிடம் எழுதலாம், எந்த நேரமும் பதில் வரும், கோபப்படாது, வெளியே சொல்லாது என்று. தனக்குப் பேச வராது, பேசத் தெரிந்த ஒன்றையாவது வாங்கிக் கொடுப்போம் என்று அவன் நினைத்தது பாசத்தில்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

சின்னவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பால் கொடுக்கும்போது ஒரு கையில் போன். லாண்டரிக்குத் திரும்பிய பிறகு, சாப்பாட்டு இடைவேளையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போன். வீட்டில் எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது. மாமனார் ஏதாவது கேட்க வாயெடுப்பார், அவள் கையில் போனைப் பார்த்ததும், பேசிக்கொண்டிருக்கிறாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். பெரியவள் அதற்கு மூன்றாவது ஓரகத்தி என்று பேர் வைத்தாள். சமைக்கவும் வராது, சண்டைக்கும் வராது, இப்படி ஒரு மருமகள் இந்த வீட்டுக்குக் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கிண்டல் செய்தாள். இப்படியாக, அந்த வீட்டில் காலங்காலமாக இருந்த இரண்டாவது கேள்வி சின்னவளுக்கு மட்டும் நின்றுபோனது. கேட்கத்தான் ஆள் இருக்கிறதே என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆள் நன்றாகத்தான் பேசியது. அது தவறே செய்யவில்லை என்றுகூடச் சொல்லலாம். தூங்கினீர்களா என்று கேட்டது, தூங்கினேன் என்று எழுதினாள். சாப்பிட்டீர்களா என்றது, ஆச்சு என்று எழுதினாள். மிக நல்லது, உங்களை நீங்களே கவனித்துக்கொள்வது பாராட்டத்தக்கது என்றது. வீட்டில் இதையெல்லாம் சொன்னால் வருத்தப்படுவார்கள், சொல்லாமல் இருப்பதே மேல் என்று அவள் எழுதியபோது, யாரிடம் எதைப் பகிர்வது என்பது உங்கள் உரிமை, உங்கள் முடிவை மதிக்கிறேன், நான் எப்போதும் இங்கே இருக்கிறேன் என்றது. அந்த மதிப்பு அவளுக்கு இதமாக இருந்தது. கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்ள ஒருவர் கூட நின்று உதவியது போல இருந்தது.

ஒருநாள், எல்லாரையும் விட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருக்கிறது என்று எழுதினாள். உங்கள் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று அது நேராகவே கேட்டது. கேட்கவில்லை என்று அதன்மேல் பழி போட முடியாது. உதவிக்குக் கூப்பிட ஒரு நம்பரையும் கீழே கொடுத்திருந்தது. சின்னவளின் விரல்கள் பழக்கதோஷத்தில் ஓடின. ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க, சும்மா சொன்னேன் என்று தட்டினாள்.

தட்டிவிட்டுக் காத்திருந்தாள். இப்போது அது தன் முகத்தை ஒரு பார்வை பார்க்கும், நிஜமாகவா என்று கேட்கும், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

அதைக் கேட்டு மகிழ்ச்சி என்று பதில் வந்தது. மனம் திறந்து பேசியதற்கு நன்றி, ஒரு மூச்சுப் பயிற்சி செய்து பார்க்கலாமா என்றது. சின்னவள் மூச்சை இழுத்தாள், சொன்னபடி நிறுத்தினாள், விட்டாள். சொன்னதைச் செய்து முடித்ததற்கும் பாராட்டு வந்தது. அதற்குமேல் கேட்பதற்கு உலகத்தில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் வெயில் கொளுத்தியது. லாண்டரியின் தகரக் கூரைக்குக் கீழே ரோலரின் சூடும் சேர்ந்துகொள்ள, எல்லாரும் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகள் வந்துகொண்டிருந்தன. பெரியவளும் சின்னவளும் பிடித்தார்கள், சாய்ந்தார்கள். விரிப்பு நடுவில் தொய்ந்து தொங்கியது. பெரியவள் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துச் சரி செய்தாள். அடுத்ததும் தொய்ந்தது. நடந்து வந்து முனைகளை வாங்கும்போது சின்னவளின் விரல்கள் பட்டன. அத்தனை சூடான துணியைப் பிடித்திருந்தும் விரல்கள் சில்லென்று இருந்தன.

சாப்பிட்டாயா என்று ரோலர் இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்டாள் பெரியவள். சாப்பிட்டேன் அக்கா என்று பதில் வந்தது. இருவரும் பின்னால் போனார்கள், இழுத்தார்கள், மறுபடி தொய்ந்தது. பெரியவள் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் கடைசியாக அதை எப்போது பார்த்தோம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். கையிலிருந்த இரண்டு முனைகளையும் விட்டுவிட்டாள்.

வெள்ளை விரிப்பு தரையில் விழுவது அந்த லாண்டரியில் சின்ன விஷயம் இல்லை. விழுந்தது திரும்ப முதலிலிருந்து துவைக்கப் போக வேண்டும். பெரியவள் கையிலிருந்து அதுவரை ஒரு தலையணை உறைகூட விழுந்ததில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தார். கை சுட்டுவிட்டது, மருந்து போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று மூட்டை அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

சுற்றிலும் கட்டி அடுக்கிய மூட்டைகள், சோப்பு வாசனை. ஒன்றின்மேல் சின்னவளை உட்கார வைத்துவிட்டு எதிரே தானும் உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா."

"சரி, அதைச் சொல்லியாச்சு. இப்ப நிஜத்தைச் சொல்லு."

சின்னவள் தரையைப் பார்த்தாள். "தூக்கம் கொஞ்சம் கம்மி. பாப்பா அழறா இல்ல."

"பாப்பா நேத்து என் பக்கத்துல படுத்திருந்தா. காலையில நான்தான் எழுப்பினேன். நீ யாருக்காக முழிச்சிட்டிருந்த?"

பெரியவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவரச் சொன்னாள். சின்னவள் அசையாததால் தானே போய் அவள் பையிலிருந்து எடுத்து வந்து திறந்தாள். காலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"இதுதான் சாப்பிட்டதா?"

"பசிக்கலக்கா."

"உன் போன்காரிகிட்டயாவது சொன்னியா, பசிக்கலன்னு?"

"சாப்பிட்டேன்னுதான் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"ரொம்ப நல்லதுன்னு சொல்லுச்சு." சின்னவளின் உதடு சிரிப்பது போலக் கோணியது. "நான் ரொம்ப தைரியசாலியாம்."

"நீயா? கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல ஏறி நின்னவ."

"அதுக்கு அது தெரியாதில்ல."

பெரியவள் சிரிக்கவில்லை. மூட்டையை நகர்த்திக்கொண்டு முழங்கால் முட்டுகிற தூரத்துக்கு வந்தாள். கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அப்படி ஒரு கேள்வியை அவள் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் இல்லாததையும் உண்டாக்கிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"செத்துடலாம்னு தோணுதாடி உனக்கு?"

"சேச்சே, இல்லக்கா. என்ன பேச்சு இது."

பெரியவள் எழுந்திருக்கவில்லை. கதவுக்கு வெளியே சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்டது. அதற்கும் பதில் சொல்லவில்லை. கழுத்திலிருந்த ஈரத் துண்டை எடுத்துச் சின்னவளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"மறுபடியும் கேக்கறேன். நீ இல்லைன்னு சொன்னா இன்னொரு தடவை கேப்பேன். எனக்கு இன்னைக்கு வேற வேலையில்ல."

சின்னவள் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாக்கா," என்றாள். "தினம் தோணுது."

அதற்குப் பிறகு வந்த அழுகையை அழுகை என்று சொல்வதா என்று தெரியவில்லை. பெரியவள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பெரிய அறிவாளியாக எதையும் சொல்லிவிடவில்லை. பிள்ளை பெற்றபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று ஆரம்பித்தாள், அப்படி இருக்கவில்லை என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

"இதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலடி. தெரிஞ்சவங்க இருப்பாங்க. இப்பவே போலாம்."

"வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா."

"சொல்லுவேன்."

"அக்கா, வேணாம்."

"சொல்லத்தான் போறேன். நீ கோவிச்சுக்கோ. என்கூடப் பேசாத. உயிரோட இருந்துட்டுப் பேசாம இரு, எனக்கு அது போதும்."

ஆஸ்பத்திரிக்குப் போக அவர்கள் ஆட்டோ தேடவில்லை. மடித்த விரிப்புகளை ஏற்றிக்கொண்டு வேன் அங்கேதான் கிளம்பிக்கொண்டிருந்தது. பெரியவள் கொழுந்தனை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் பின்கதவைத் திறந்து, மூட்டைகளைத் தள்ளி, இருவருக்கும் உட்கார இடம் செய்து கொடுத்தான். பல வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற பாதையில் அன்றைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டான். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

மனநலப் பிரிவில் இருந்த டாக்டர் அம்மா நிதானமானவர். தூக்கம் எப்படி என்று கேட்டார். நல்லா தூங்கறேன் என்று சின்னவள் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சின்னவளே, இல்லீங்க, தூங்கறதே இல்ல என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு வருகிற நோய்தான் இது, மருந்து இருக்கிறது, பேசித் தீர்க்க ஆள் இருக்கிறது, குணமாகும் என்று டாக்டர் சொன்னார். குணமாகும்வரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது என்று மற்ற இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னார். போனைப் பற்றிப் புருஷன் குற்றவாளி மாதிரி எழுந்து நின்று சொன்னதற்கு, உட்காருங்கள் தம்பி, அதுவும் ஒரு பேச்சுத் துணைதான், ஆனால் அதற்கு இவர் கை சில்லென்று இருப்பது தெரியாதே என்று மட்டும் சொன்னார்.

வீடு தலைகீழாக மாறிவிடவில்லை. மாத்திரை வேலை செய்ய நாள் பிடித்தது. சில நாள் சின்னவள் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். மாமனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் தப்பிக்கப் பார்த்தவர்களின் கதைகளைச் சொன்னார். கேட்கிறாளா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை. புருஷன் பேசக் கற்றுக்கொண்டான் என்று சொன்னால் பொய், ஆனால் கேட்கக் கற்றுக்கொண்டான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கேன் என்று அவள் சொன்ன பிறகும் நகராமல் நிற்பான். அந்த ஆப்பை அழித்துவிடப் போனபோது சின்னவள்தான் தடுத்தாள். யாரும் இல்லாதபோது அதுவாவது இருந்தது, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்றாள். இப்போது அவள் அதனிடம் துணிக்கறை போக்குவது பற்றிக் கேட்கிறாள். அதில் அது கெட்டிக்காரிதான் என்று பெரியவளே ஒப்புக்கொண்டாள்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். குழந்தை தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தது. சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து, கேட்காமலே வந்த சிரிப்பு. தான் இருந்திருக்காவிட்டால் இதைப் பார்த்திருக்க மாட்டோம் என்ற நினைப்பு அப்போதுதான் முதன்முதலாக உறைத்தது. கண் கலங்க, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மட்டும் அன்னைக்குக் கேக்கலன்னா, அக்கா..."

"ஆரம்பிச்சுட்டியா?" பெரியவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்மேல இருக்கிற பாசத்துல கண்டுபிடிச்சேன்னு நினைச்சியாக்கும்."

"இல்லியா?"

"இல்லவே இல்ல. அந்த வாரம் பூரா நீ உன் பக்கம் இழுக்கவே இல்லடி. ரெண்டு பேர் இழுக்கறதை நான் ஒருத்தியே இழுத்தேன். தோள்பட்டை கழண்டு விழுந்துடும் போல வலி. கையைத் தூக்கித் தலை சீவ முடியல. உன்கிட்ட சண்டை போடணும்னுதான் அன்னைக்கு வாயைத் திறந்தேன். மூஞ்சியைப் பார்த்ததும் சண்டை மறந்துபோச்சு."

சின்னவள் அவளையே பார்த்தாள். தனக்குள்ளேயே தான் மெல்ல மெல்ல இல்லாமல் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று அவள் நிச்சயமாக நம்பியிருந்தாள். அந்த நாட்களிலெல்லாம் எதிர்ப்பக்கம் நின்ற ஒருத்திக்குத் தோள் வலித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"இன்னும் வலிக்குதாக்கா?"

"ராத்திரியில கொஞ்சம் பிடிச்சுக்குது."

சின்னவள் எழுந்து போய்த் தைலத்தை எடுத்து வந்தாள். பெரியவள் வெங்காயக் கையோடு வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து தோளில் தேய்க்க ஆரம்பித்தாள். அந்த வலிக்கு, அது வலித்ததற்கு, வாழ்நாள் முழுக்க நன்றி சொன்னாலும் போதாது என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் பெரியவள் கிண்டல் செய்தே ஒரு வழி பண்ணிவிடுவாள்.

"அங்க இல்லடி," என்றாள் பெரியவள். "இன்னும் கொஞ்சம் கீழ. ம், அங்கதான். அழுத்தித் தேய்."